‘எ’யும் ‘தி’யும் இல்லாத வீடு

ஆங்கிலப் பாடத்தில் நம் பிள்ளைகளுக்கு மார்க் குறைகிற இடம் எது என்று எந்த டீச்சரைக் கேட்டாலும் ‘ஆர்ட்டிகிள்’ என்றுதான் சொல்லுவார். ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்று மூன்றே சொல். ஆங்கில எழுத்தைக் கூட்டினால் ஆறு. இந்த ஆறு எழுத்தை எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதில் எம்.ஏ. படித்தவரும் தடுமாறுகிறார். காரணம் கேட்டால், ‘தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால் நமக்கு வராது’ என்று பதில் வரும்.

இந்தப் பதில் பாதிதான் சரி. சொல் இல்லை, உண்மை. ஆனால் அந்தச் சொல் செய்கிற வேலை தமிழில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அது எங்கே நடக்கிறது, தமிழை ஆங்கிலமாக்கியவர்கள் அதை எப்படிக் கையாண்டார்கள், திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் நம் வீடுகளில் அது என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்ற மூன்றையும் இங்கே பார்க்கலாம். நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். சாலைக் கடைத்தெருவில் அரிசி பருப்பு வியாபாரம் செய்து, ராத்திரி ஸ்ரீவராகத்து வீட்டில் இலக்கணப் புத்தகம் புரட்டியவன். ஆகவே வியாபாரி கண்ணோடுதான் இலக்கணத்தைப் பார்ப்பேன். புலவர் பெருமக்கள் பொறுத்தருள்க.

விதை ஒன்று, விளைச்சல் வேறு

ஆங்கில ‘ஆன்’ என்பது ‘ஒன்று’ என்ற பழைய எண்ணுப்பெயரின் தேய்வு. மெய்யொலிக்கு முன்னால் அதுவும் தேய்ந்து ‘எ’ ஆயிற்று. ‘தி’ என்பது ‘அது, அந்த’ என்று விரல் நீட்டிய பழைய சுட்டுச் சொல்லின் தேய்வு. பிரெஞ்சு மொழியிலும் இதே கதைதான். லத்தீனின் சுட்டுச் சொல் தேய்ந்து அவர்களுடைய ‘தி’ ஆயிற்று. லத்தீனின் ‘ஒன்று’ அவர்களுடைய ‘எ’ ஆயிற்று. தாய்மொழியான லத்தீனில் இரண்டுமே கிடையாது. சமஸ்கிருதத்தில் இல்லை. ரஷ்ய மொழியில் இன்றைக்கும் இல்லை. பழைய கிரேக்கத்தில் ‘தி’ உண்டு, ‘எ’ கிடையாது. ஆகவே ஆர்ட்டிகிள் இல்லாதது குறை என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

தமிழிலும் விதை இரண்டும் இருக்கின்றன. ‘ஒன்று’ என்பது மெய்க்கு முன் ‘ஒரு’ ஆகும், உயிருக்கு முன் ‘ஓர்’ ஆகும் என்பது தொல்காப்பியக் காலத்து விதி. சுட்டெழுத்து அ, இ, உ என மூன்று என்று நன்னூல் சொல்லும். 13-ஆம் நூற்றாண்டில் சமண முனிவர் பவணந்தியார் செய்த நூல் அது. அந்த ‘உ’ நம் பக்கம் வழக்கொழிந்து விட்டது. யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் வாயில் ‘உவன், உது’ என்று உயிரோடு இருந்தது. ஆக, சரக்கு நம்மிடமும் உண்டு. வேறுபாடு எங்கே என்றால், ஆங்கிலம் அதைக் கட்டாயம் ஆக்கிவிட்டது, தமிழ் ஆக்கவில்லை. ஆங்கிலக்காரர் ‘நாய்’ என்று வாய் திறந்தால், ‘ஏதோ நாயா, தெரிந்த நாயா?’ என்று அவருடைய மொழி உடனே கணக்குக் கேட்கும். தமிழ் கேட்காது. வேண்டுமானால் சொல், வேண்டாமானால் விடு என்று இருக்கும்.

பாட்டி கதையைப் பாருங்கள். ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா. ராஜாவுக்கு ரெண்டு பெண்டாட்டி.’ முதல் தடவை ‘ஒரு’ வந்தது, இரண்டாம் தடவை போயிற்று. ஆங்கிலக் கதையிலும் முதல் தடவை ‘எ’, இரண்டாம் தடவை ‘தி’. பாட்டி எந்த கான்வென்டில் படித்தாள்?

ஐ என்னும் ஒற்றை எழுத்து

சரி, பாட்டி ‘தி’க்குப் பதில் என்ன வைத்திருக்கிறாள்? இங்கேதான் நம் இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’ வருகிறது.

‘பெண் பார்த்தோம்’ என்றால் வரன் தேடி நாலு வீடு ஏறி இறங்கினோம் என்று பொருள். ‘பெண்ணைப் பார்த்தோம்’ என்றால் பேசி வைத்த பெண்ணை, உங்களுக்கும் தெரிந்த பெண்ணைப் பார்த்தோம் என்று பொருள். ‘மாடு வாங்கினான்’ வேறு, ‘மாட்டை வாங்கினான்’ வேறு. ஆங்கிலம் முன்னால் வைக்கிற அடையாளத்தைத் தமிழ் பின்னால் வைக்கிறது, அவ்வளவுதான்.

இன்னும் நுட்பம் இருக்கிறது. ‘ஒரு மாடு வாங்கணும்’ என்றால் எந்த மாடு என்று எனக்கே தெரியாது. ‘ஒரு மாட்டைப் பார்த்து வச்சிருக்கேன்’ என்றால் எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ‘மாட்டை ஓட்டிக்கிட்டு வந்துட்டேன்’ என்றால் இருவருக்கும் தெரியும். மூன்று படி. ஆங்கில ஆர்ட்டிகிளுக்கு இரண்டு படிதான். முதல் இரண்டுக்கும் அது ‘எ’ என்றே போட்டாக வேண்டும். பிரித்துக் காட்ட வேறு சொல்லைக் கூப்பிட வேண்டும்.

எழுவாய்க்கு உருபு இல்லையே, அங்கே என்ன செய்வது என்று கேட்கலாம். சொல் இடம் மாறும். ‘கடைக்கு ஆள் வந்திருக்கு’ என்றால் யாரோ வந்திருக்கிறார். ‘ஆள் கடைக்கு வந்தாச்சு’ என்றால் நாம் எதிர்பார்த்த ஆள் வந்துவிட்டார்.

நன்னூலார் ‘ஐ’க்குச் செய்வது, கெடுப்பது, போய்ச் சேர்வது, விடுவது என்கிற மாதிரி ஆறு வகைப் பொருள் சொல்லி, கடைசியில் ‘முதலியன’ என்ற பொருளில் வாசலைத் திறந்தே வைத்தார். தெரிந்த பொருளைக் காட்டும் இந்த வேலையை அந்தத் திறந்த வாசல் வழியாகத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். பள்ளிக்கூட இலக்கணப் புத்தகங்கள் ஆறை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்து வாசலைச் சாத்திவிட்டன என்பது என் குறை.

கடைக் கணக்கில் ‘எ’யும் ‘தி’யும்

இது வெறும் புலவர் சண்டை இல்லை, காசு விவகாரம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் சரக்கைக் குறிப்பிட்ட சரக்கு, குறிப்பிடப்படாத சரக்கு என்று பிரிக்கிறது. ஆயிரம் மூட்டை ஜெயா அரிசி கிடங்கில் கிடக்கிறது. அதில் நூறு மூட்டைக்கு விலை பேசி முடித்தாயிற்று. எந்த நூறு என்று பிரித்து வைக்கவில்லை. அதுவரை அந்த அரிசி வாங்கியவருக்குச் சொந்தமாகாது என்கிறது 18-ஆம் பிரிவு. தனியாக வேறு பேச்சு இல்லாவிட்டால், சொந்தம் யாருடையதோ நஷ்டமும் அவருடையது என்கிறது 26-ஆம் பிரிவு. ராத்திரி கிடங்கில் தீப்பிடித்தால் ‘நூறு மூட்டை’யா ‘அந்த நூறு மூட்டை’யா என்பதில்தான் வழக்கே நிற்கும்.

உலக விவகாரத்திலும் இது உண்டு. 1967 நவம்பர் 22-ல் ஐ.நா. பாதுகாப்புச் சபை 242-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. போரில் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்பது அதில் ஒரு கூறு. ஆங்கில வாசகத்தில் ‘பகுதிகள்’ என்பதற்கு முன் ‘தி’ இல்லை. ஆகவே எல்லாப் பகுதியும் என்று பொருளில்லை என்று இஸ்ரேல் தரப்பு வாதிட்டது. பிரெஞ்சு வாசகத்தில் ஆர்ட்டிகிள் சேர்ந்தே நிற்கிறது; ஆகவே எல்லாப் பகுதியும்தான் என்று அரபுத் தரப்பு வாதிட்டது. அரை நூற்றாண்டு தாண்டியும் வாதம் ஓயவில்லை. மூன்றெழுத்துச் சொல்லின் விலை அவ்வளவு.

குறளும் போப்பையரும்

இனி இலக்கியத்துக்கு வருவோம். வீரமாமுனிவர் 1730 வாக்கில் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் ஆக்கினார். லத்தீனில் ஆர்ட்டிகிள் இல்லாததால் தமிழ் எங்கே மௌனமாக இருந்ததோ அங்கே அவரும் மௌனமாக இருக்க முடிந்தது. 1886-ல் ஆங்கிலத்தில் முழுக் குறளையும் வெளியிட்ட ஜி.யு. போப்புக்கு அந்த வசதி இல்லை. வரிக்கு வரி ஆங்கிலம் அவரிடம் கணக்குக் கேட்டது.

கடவுள் வாழ்த்தின் மூன்றாம் குறளில் மலர்மேல் நடந்தவன் ஒருவன் வருகிறான். எந்த மலர், யாருடைய மலர், ஒன்றா பலவா என்று வள்ளுவர் சொல்லவில்லை; ‘மலர்’ என்று விட்டுவிட்டார். பரிமேலழகர் அதை அன்பரின் உள்ளத் தாமரை என்று கொண்டார். சமணர்களோ தேவர்கள் வைத்த தாமரைகள்மேல் நடந்த அருகக் கடவுள் என்று கொண்டனர். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1953-ல் சமண நோக்கில் ஆங்கில உரையோடு குறளைப் பதிப்பித்து அந்தக் கட்சியை வலுவாக எடுத்துரைத்தார்.

போப் என்ன செய்தார்? மலருக்கு முன்னால் ‘தி’ போட்டார். முதற்குறளின் இறைவனுக்கு முன்னாலும் ‘தி’ போட்டார். ‘தி’ போட்டவுடன் ஆங்கில வாசகர், ‘ஓ, இது எல்லாருக்கும் தெரிந்த மலர் போலிருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்த இறைவன் போலிருக்கிறது’ என்று எண்ணிக் கடந்துபோவார். அவருக்குத் தெரிந்த இறைவன் யாரோ அவரே அங்கே வந்து உட்கார்ந்துவிடுவார். பல சமயத்தாரும் உள்ளே வர வள்ளுவர் திறந்து வைத்த கதவு, ஆங்கிலத்தில் மூன்றெழுத்தால் பாதி மூடிவிட்டது.

நான் சமணக் குடியில் பிறந்தவன். அதனால் அருகன் பக்கம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சக்கரவர்த்தி நயினாரின் முடிவே என் மனத்துக்கு உகந்தது என்றாலும், அவரும் ஆங்கிலத்தில் எழுதும்போது அதே கதவை வேறு பக்கத்திலிருந்து சாத்தத்தான் வேண்டியிருந்தது. குற்றம் போப்பினுடையதும் அன்று, நயினாருடையதும் அன்று. இருவரும் மொழி கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்கள். ஆனால் படிக்கிற நாம் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் காணும் ‘தி’ வள்ளுவர் போட்டது இல்லை. அது உரை, மூலம் அன்று. குறளை ஆங்கிலத்தில் மட்டுமே படிக்கும் நம் பேரப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால், உரையை மூலம் என்றே எண்ணி வளர்வார்கள்.

நம்மூர் நாவல்களின் தலைப்புகள்

பழைய நூல் மட்டும் அல்ல, நம் ஊர் எழுத்தாளர்களிடமும் இதைப் பார்க்கலாம். நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968-ல் வந்தது. க.நா.சு. அதை ஆங்கிலமாக்கியபோது தலைப்பில் ‘தி’ சேர்ந்தது. தமிழ்த் தலைப்பைக் கேட்டால் இரணியல் பக்கத்துக் குடும்பத்தின் தலைமுறைகளும் தெரியும், மனித குலத்தில் வந்துபோகும் தலைமுறைகளும் தெரியும். ஆங்கிலத் தலைப்பு முதலாவதன் பக்கம் சாய்கிறது. நாவலுக்கு அது பொருந்தும். ஆனால் இழப்பு இழப்புதான். அவருடைய ‘பள்ளிகொண்டபுரம்’ ஆங்கிலத்தில் ‘இறைவன் துயிலும் இடம்’ என்ற பொருளில் போனது. அங்கே இறைவனுக்கு முன் உள்ள ‘தி’ சரியான இடத்தில் சரியாக விழுந்தது என்பேன். அனந்தபுரியில் பள்ளிகொண்டவர் யார் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆ. மாதவன் சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே எழுதியவர். 2015-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்று 2021-ல் மறைந்தார். அவருடைய ‘கிருஷ்ணப் பருந்து’ என்ற தலைப்பை ஆங்கிலமாக்கப் போகிறவர் யோசிக்கட்டும். பறவை இனமா, வானத்தில் வட்டமிடும் ஏதோ பறவையா, கதாநாயகனைக் குறிக்கும் அந்தப் பறவையா? ‘எ’ போட்டாலும் ‘தி’ போட்டாலும் மற்றது பறந்துபோகும்.

இந்த நுட்பத்தை நன்றாக அறிந்தவர் நகுலன். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர், 2007-ல் மறைந்தார். ராமச்சந்திரன் என்ற பெயரை வைத்து நாலே வரியில் அவர் எழுதிய கவிதை பலருக்கும் தெரியும். பெயரைக் கேட்டதும் ஆமாம் என்கிறார் எதிரில் நிற்பவர். எந்த ராமச்சந்திரன் என்ற விசாரணை மட்டும் நடக்கவே இல்லை. கவிதை அங்கேயே முடிகிறது. ‘எந்த?’ என்ற கேள்விதான் ஆர்ட்டிகிளின் உயிர். ஆங்கிலம் நாளெல்லாம் கற்பித்தவர், அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதிலேயே தமிழ்க் கவிதையை வைத்தார். தமிழ் கேட்காமல் விடும், ஆங்கிலம் விடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நம் வீட்டுத் தமிழுக்கு வந்த சோதனை

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் பிள்ளைகள் இரண்டு மொழிக்கு நடுவில் வளர்கிறார்கள், இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன.

மலையாளத்தில் உயிருள்ள பொருளுக்குத்தான் பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமை உருபு வரும். ‘குட்டியெ கண்டு’ என்பார்கள். உயிரில்லாத பொருளுக்குப் பெரும்பாலும் வராது. ‘புஸ்தகம் வாயிச்சு’ என்றால் ஏதோ புத்தகமாகவும் இருக்கலாம், தெரிந்த புத்தகமாகவும் இருக்கலாம். மலையாளத்துக்கு அதுவே அழகு. ஆனால் அந்தப் பழக்கத்தில் நம் பிள்ளை, தாத்தா நேற்றுக் கொடுத்த புத்தகத்தைப் பற்றியும் ‘புக் படிச்சுட்டேன்’ என்கிறான். ‘புக்கைப் படிச்சுட்டேன்’ என்று வர வேண்டிய ‘ஐ’ நழுவிப் போகிறது.

ஆங்கிலம் இன்னொரு பக்கம் இழுக்கிறது. ‘அவர் டாக்டர்’ என்று சொன்னால் போதும் என்பது தமிழ். பிள்ளைகளோ ‘அவர் ஒரு டாக்டர்’ என்கிறார்கள். பிள்ளைகள் என்ன, நம் விழா அழைப்பிதழ்களையும் ஆண்டு மலர்களையும் பாருங்கள். ‘இது ஒரு இனிய மாலை, அவர் ஒரு சிறந்த பண்பாளர், அது ஒரு மறக்க முடியாத நாள்.’ அத்தனை ‘ஒரு’வையும் அடித்துவிட்டுப் படியுங்கள். பொருள் குறைகிறதா? குறையாது, வாக்கியம் நிமிர்ந்து உட்காரும்.

தமிழ் ‘ஒரு’வுக்குச் சொந்த வேலை நிறைய உண்டு. ‘ஒரு பத்து ரூபாய் கொடு’ என்றால் ஏறத்தாழப் பத்து. ‘இதெல்லாம் ஒரு சாப்பாடா?’ என்றால் ஏளனம். ‘அவனுக்கு ஒரு நாள் வரும்’ என்றால் நம்பிக்கை, சில சமயம் சாபம். இத்தனை வேலை செய்கிற சொல்லை ஆங்கில ‘எ’யின் எடுபிடி ஆக்கினால் அது தன் சொந்த வேலையை மறந்துவிடும். மலையாளத்தால் ‘ஐ’ போய், ஆங்கிலத்தால் ‘ஒரு’ பெருகினால், தெரிந்ததையும் தெரியாததையும் பிரிக்கும் தமிழின் முறை இரண்டு பக்கமும் தேய்ந்துவிடும். இதுதான் என் கவலை. சொல் கடன் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; ‘புக்’ என்றே சொல்லட்டும், ‘புக்கை’ என்று சொல்லட்டும்.

தமிழ் வழியே ஆங்கிலம்

கவலை மட்டும் சொன்னால் போதாது, வழியும் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில், தமிழ் நன்றாகப் பேசும் பிள்ளைக்கு ஆர்ட்டிகிளைச் சொல்லிக் கொடுப்பது சுலபம். எண்ணக்கூடிய ஒற்றைப் பொருளைச் சொன்னவுடன், கேட்பவர் ‘எந்த?’ என்று கேட்பாரா என்று பிள்ளையே யோசிக்க வேண்டும். கேட்பார் என்றால் ‘எ’ அல்லது ‘ஆன்’. கேட்கமாட்டார், அவருக்கே தெரியும் என்றால் ‘தி’. சூரியன், சந்திரன் என்றால் யாரும் ‘எந்த?’ என்று கேட்பதில்லை, ஆகவே ‘தி’. ஸ்ரீவராகத்துக்காரர் ‘குளம்’ என்றால் எந்தக் குளம் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. சாலை என்றால் தமிழில் எந்த ரோட்டுக்கும் பெயர். ஆனால் இந்த ஊரில் ‘சாலைக்குப் போறேன்’ என்றால் கடைத்தெரு மட்டுமே. இந்த இரண்டையும் காட்டினால் ‘தி’ என்றால் என்ன என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஆங்கிலத்தில் படிக்கப் போகிற பிள்ளைக்குப் ‘பள்ளிக்கூடம்’ முன்னால் ஆர்ட்டிகிள் வராது. ஃபீஸ் கட்டப் போகிற அப்பாவுக்கு ‘தி’ வரும். இதை விதி என்று உருப்போடுவானேன்? நம்மிடமும் ‘பையன் பள்ளிக்கூடம் போறான்’, ‘நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன்’ என்று வேறுபாடு இருக்கிறது. முதலாவதில் உருபு இல்லை, இரண்டாவதில் உருபு உண்டு. இரண்டு மொழியும் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிற இடம் இது. நதிப் பெயருக்கு முன் ‘தி’, ஊர்ப் பெயருக்கு முன் இல்லை என்பது போன்ற சிலவற்றை மட்டும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். அது எந்த மொழிக்கும் உள்ள வரி.

சில வீடுகளில் ஆங்கிலம் நன்றாக வரட்டும் என்று பிள்ளையிடம் தமிழ் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு என் விண்ணப்பம் இது. ‘பெண் பார்த்தோம்’ என்பதற்கும் ‘பெண்ணைப் பார்த்தோம்’ என்பதற்கும் வேறுபாடு தெரிந்த பிள்ளைக்கு ‘எ’யும் ‘தி’யும் புதுச் சரக்கு இல்லை, பழைய சரக்கின் புது லேபிள்தான். அந்த வேறுபாட்டைக் காதால் கேட்காமலே வளர்கிற பிள்ளைக்கு இரண்டு மொழியிலும் அது மனப்பாட விதியாகவே நின்றுவிடும். சாப்பிட உட்காரும்போது வீட்டில் தமிழ் பேசுங்கள். உருபை விழுங்காமல் பேசுங்கள்.